டொம் தொம்சனின் சின்னப் பலகையும் வன்னி வெயிலும்

வன்னியில் வெளியிடத்தில் நின்று படம் கீறுகிறவர்களுக்கு, நாலு ஊரிலிருந்து வந்த குறிப்புகள் இவை.

கிளிநொச்சியிலிருந்து:

கனடாவின் காட்டையும் ஏரியையும் கீறிப் பேரெடுத்த டொம் தொம்சன் (1877–1917) ரொறன்ரோவில் விளம்பரப் படம் வடிவமைக்கும் வேலையில் இருந்தவர். 1912 இல் ஒன்ராறியோ மாகாணத்தின் அல்கோன்குவின் காட்டுக்குப் போனார். அதன்பிறகு பெரும்பாலும் அந்த நிலம்தான் அவருடைய பாடம். மீன்பிடிக்க வருபவர்களுக்கு வழிகாட்டியாகவும், 1916 இல் காட்டுத்தீக் காவலராகவும் உழைத்துக்கொண்டே கீறினார். கொண்டு திரிந்தது ஏறத்தாழ எட்டரைக்குப் பத்தரை அங்குலப் பலகை. காட்சிக்கு முன்னாலேயே இருந்து ஒரே இருப்பில் முடிப்பார். குளிர்காலத்தில் ரொறன்ரோ திரும்பி, அவற்றில் சிலதை மட்டும் பெரிய ஓவியத்துணியில் மறுபடி கீறுவார்.

இந்த முறை வன்னிக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் அவருடைய நேரக்கணக்கு பொருந்தாது. அல்கோன்குவினில் ஒக்டோபர் முதல் கிழமை நடுப்பகலிலும் சூரியன் ஏறத்தாழ 40 பாகை உயரத்துக்குத்தான் ஏறும். பகல் முழுக்கச் சாய்ந்த வெயில், நீண்ட நிழல். அதே நாட்களில் இரணைமடுக் குளக்கட்டில் நின்றால் காலை 8.45 க்கே சூரியன் அந்த 40 பாகையைத் தாண்டிவிடும். தொம்சனுக்கு ஒரு பகல் முழுக்கக் கிடைத்த வெளிச்சம் இங்கே மூன்று மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடுகிறது. சித்திரை வருடப்பிறப்பு நாட்களில் உச்சிவெயில் நேரே தலைக்கு மேல். மரத்தின் நிழல் அடிமரத்தோடு ஒட்டிக்கொள்ளும், பச்சையெல்லாம் வெளிறிப்போகும். அந்த நேரம் கீறிய படம் எந்த ஊர்ப் படமாகவும் இருக்கலாம்.

ஆகவே விடியுமுன் இடத்தில் இருக்க வேணும். சூரியன் எழும்பி ஒரு மணித்தியாலத்தில் நிழல் மரத்தைப்போல நாலு மடங்கு நீளம், இரண்டாம் மணித்தியாலத்தில் இரண்டு மடங்குகூட இல்லை. முதல் பத்து நிமிடத்தில் நிழல்களின் உருவத்தை மட்டும் மெல்லிய கபில நிறத்தில் அடைத்துவிடுங்கள். பிறகு நிழல் எங்கே நகர்ந்தாலும் திருத்தக்கூடாது. திருத்தினால் இடப்பக்க மரத்துக்கு ஆறரை மணி வெயிலும் வலப்பக்க மரத்துக்கு எட்டு மணி வெயிலும் விழும். படம் பிழைத்தது தெரியும், ஏன் பிழைத்தது என்று பிடிபடாது.

ஒட்டுசுட்டானிலிருந்து:

பலகையைப் பற்றி. 4 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை போதும். எட்டுக்கு நாலு அடித் தகடு ஒன்றில், பத்தரை அங்குலப் பக்கத்தை நீளவாட்டில் வைத்து வெட்டினால், 45 துண்டு வரும். 220 ஆம் இலக்க அரத்தாளால் தேய்த்து, அக்ரிலிக் ஜெஸ்ஸோ (நிறம் பிடிக்கப் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) இரண்டு பூச்சு, இரண்டாவதை முதலாவதுக்குக் குறுக்காக. முன்பக்கம் மட்டும் பூசிவிட்டு விடுவதுதான் வழக்கமான பிழை. மாரி ஈரம் பூசாத பின்பக்கத்தால் ஏறி, பலகை கார்த்திகைக்குள் வளைந்துவிடும். பின்பக்கமும் நாலு விளிம்பும் பூசவேண்டும். சுவருக்கு அடிக்கும் எமல்ஷனை வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அது நிறத்திலுள்ள எண்ணெயை உறிஞ்சிவிடும், நிறம் செத்துப்போய்க் கிடக்கும்.

முடிந்த பலகைகளை நிலத்திலோ சுவரோடு சாய்த்தோ வைக்கவேண்டாம். கறையான் ஒரே மாரியில் கணக்கு முடித்துவிடும்.

மாங்குளத்திலிருந்து:

அடிநிறம் பற்றி ஒரு சொல். ஒட்டாவாவில் இருக்கும் 'த ஜாக் பைன்' ஓவியத்தில் தொம்சன் அடியில் சிவப்புப் பூசி, மேல்நிறங்களின் இடுக்கால் அது தெரியும்படி விட்டிருக்கிறார். பாலை மரமும் வீரை மரமும் அடர்ந்த காட்டைக் கீறும்போது இந்தச் சிவப்பு அடி அருமையாகக் கைகொடுக்கும், பச்சை துடித்து எழும்பும். ஆனால் செம்மண் றோட்டைக் கீறப்போகிறவர் அதே அடியைப் போட்டால் றோட்டும் அடியும் ஒன்றாகி, இடுக்குகள் காணாமல் போய்விடும். அதற்கு மங்கிய சாம்பல்பச்சை அடிதான் சரி.

பாலை மரத்துக்குக் குழாயில் வரும் ஆயத்தப் பச்சை வேண்டவே வேண்டாம். அல்ட்ராமரைன் நீலமும் மஞ்சள் காவியும், கூடவே துளி பேர்ன்ட் சியன்னா என்ற செங்கபிலம். இலை தடித்து மினுங்குவதால் கொப்பின் மேல்பக்கம் வானத்தை வாங்கும். அங்கே மஞ்சள் வைத்தால் மரம் பாலையாகத் தெரியாது. நீலம் கலந்த வெள்ளை வையுங்கள். மருதின் பட்டை வெளுப்பாகத் தெரிந்தாலும் தனி வெள்ளை இல்லை. அதிலும் நீலமும் சியன்னாவும் உண்டு.

ஆடி, ஆவணியில் குளம் வற்றும்போது கரையைக் கவனித்துப் பாருங்கள். வெடித்த காய்ந்த மண், அதற்குள்ளே மாடு மேயும் இளம்புல், அதற்கும் உள்ளே கறுத்த சேறு, பிறகுதான் தண்ணீர். அநேகர் இந்த நாலையும் ஒரே கபிலத்தில் இழுத்துவிடுகிறார்கள். தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரத்தின் மேற்கொப்புகள் வெள்ளையடித்ததுபோல இருப்பது நீர்க்காகத்தின் எச்சத்தால். அடிமரத்தில் அந்த வெள்ளை வராது. பழைய நீர்மட்டக் கறைதான் கறுப்பு வளையமாக நிற்கும்.

முல்லைத்தீவிலிருந்து:

மாங்குளத்து அண்ணை சொன்ன அதே ஓவியத்தைப் பற்றி இன்னொன்று. அது 128 க்கு 140 சென்ரிமீற்றர், கிட்டத்தட்டச் சதுரம். சின்னப் பலகையோ அவ்வளவு சதுரம் இல்லை. கட்டம் போட்டு அப்படியே பெருப்பித்திருந்தால் இந்த உருவம் வந்திராது. ஆகவே சின்னப் பலகையைப் பெரிதாக்கும்போது வானத்துக்கு எவ்வளவு, தண்ணீருக்கு எவ்வளவு என்று புதிதாகப் பங்குபோடுங்கள். நந்திக்கடல் மாதிரித் தட்டையான இடத்தில் இது இன்னும் முக்கியம்.

சோளகம் வீசும் மாதங்களில் ஈரப்படத்தில் செம்புழுதி ஒட்டினால் துடைக்கக்கூடாது, சேறாகிவிடும். காயவிட்டு, உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். ஈரப்பலகைகளைக் கொண்டுபோகும் பெட்டியில் பலகைக்குப் பலகை ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி வேணும்.

நல்ல கோணம் தேடிப் பாதையை விட்டு இறங்குகிறவர்களுக்கு: கண்ணிவெடி என்று எச்சரிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நட்டிருக்கும் பக்கம் ஒரு அடியும் வைக்காதீர்கள். பலகை இல்லாத இடத்திலும் மாட்டுத்தடம் பழகிய பாதையோடு நில்லுங்கள். குளத்து விளிம்பில் முதலை படுத்திருக்கும், தூரிகை கழுவக் குனியாமல் போத்தலில் தண்ணீர் கொண்டுபோங்கள். காட்டோரக் குளமென்றால் யானை தண்ணிக்கு இறங்க முதல், பின்னேரம் ஐந்து மணிக்கே பெட்டியை மூடிவிடுங்கள்.