கரண்ட் போனால் மெட்ரோவை விட்டு இறங்கலாமா?

சிக்னல்விளக்கு:
நேற்று பயணக் குறிப்புகள் இழையில் ரயில்ராஜா எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "கரண்ட் போய் மெட்ரோ சுரங்கத்தில் நின்றால் ஐந்து நிமிடம் பாருங்கள். கிளம்பவில்லையா, அவசரக் கைப்பிடியை இழுத்துக் கதவைத் திறந்து இறங்கி நடங்கள். கரண்ட்தான் இல்லையே, பயம் எதற்கு?" இதற்குக் கைதட்டல் வேறு. வண்டிக்கு மின்சாரம் கொடுக்க ஓரமாக இன்னொரு தண்டவாளம், அதாவது மூன்றாம் தண்டவாளம், உள்ள பாதையில் அதில் ஓடுவது பெரும்பாலும் 750 வோல்ட் நேர்மின்சாரம் (டிசி). போன கரண்ட் சொல்லிவிட்டா திரும்பி வரும்? யாராவது நம்பி இறங்குவதற்குள் அந்தப் பதிவை நீக்குங்கள்.

ரயில்ராஜா:
என் பெயரைப் போட்டே இழை திறந்தாச்சு, சந்தோஷம். 18 வருடமாக தினமும் மெட்ரோவில் போய் வருகிறவன் நான். படித்துவிட்டுப் பேசவில்லை, பட்டுவிட்டுப் பேசுகிறேன். ஒருமுறை இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒன்றேகால் மணி நேரம் கிடந்தோம். ஏசி நின்று கண்ணாடியெல்லாம் வேர்த்துவிட்டது. எதிரே ஒரு கர்ப்பிணிப் பெண், கைப்பையிலிருந்த ஏதோ ஃபைலை எடுத்து விசிறிக்கொண்டே இருந்தார். ஒலிபெருக்கியில் "சற்று நேரத்தில் கிளம்பும்" என்ற ஒரே பாட்டு. கரண்ட் இல்லாததால்தானே வண்டி நின்றது? இல்லாத கரண்ட் எப்படி அடிக்கும்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மின்பணியாள்:
சொல்கிறேன். பெட்டியில் விளக்கும் ஏசியும் அணைந்தால் பாதையில் மின்சாரம் இல்லை என்று அர்த்தமில்லை. வண்டிக்குள் பிரேக்கர், அதாவது கோளாறு வந்தால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச், விழுந்திருந்தாலும் அப்படித்தான் ஆகும்; கீழே 750 வோல்ட் அப்படியே இருக்கும். தவிர, அதே பகுதியில் இன்னொரு வண்டி பிரேக் பிடித்தால் அதன் மோட்டார் மின்சாரத்தைத் திருப்பிப் பாதைக்குள் அனுப்பலாம். சப்ளையைத் துண்டித்து, சோதித்து, எர்த் போட்ட பிறகுதான் எங்கள் ஆட்களே அந்தத் தண்டவாளத்தில் கை வைப்பார்கள்.

ரயில்ராஜா:
பிரேக்கர், எர்த் என்று வார்த்தைகளை அடுக்கினால் ஆச்சா? மேலே கம்பி ஓடும் மெட்ரோக்கள் எத்தனை இருக்கின்றன! அங்கே மூன்றாம் தண்டவாளமே கிடையாது. தலைக்கு மேல் போகும் கரண்ட் காலில் அடிக்குமா?

சிக்னல்விளக்கு:
அந்தக் கம்பியில் பல இடங்களில் 25,000 வோல்ட். தொடவே வேண்டாம், நெருங்கினாலே தாவும். அறுந்து கீழே கிடந்தால்? பக்கத்துப் பாதையில் வண்டி வந்தால் சுரங்கத்தில் எங்கே ஒதுங்குவீர்கள்?

நிலாமுற்றம்:
எல்லோரும் கரண்டையே பிடித்துத் தொங்குகிறீர்கள். என் அம்மாவுக்கு மூட்டுவலி. வண்டித் தளத்திலிருந்து தண்டவாளம் ஏறக்குறைய 1 மீட்டர் கீழே இருக்கிறது, அவரை நான் எப்படி இறக்குவேன்? வண்டி நிற்கும் என்று நினைத்தே கிளம்புவதுதான் என் வழக்கம். தண்ணீர், ஒருவேளை மாத்திரை, முழு சார்ஜ். மாற்று பஸ்ஸின் எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்வேன், சுரங்கத்தில் நெட் கிடைக்காது. கடைசி வண்டியை நம்பவே மாட்டேன், அதற்கு முந்தையதைப் பிடித்துவிடுவேன். கடைசியும் நின்றுவிட்டால் அதற்குப் பின்னால் வண்டி ஏது?

ரயில்ராஜா:
மாத்திரை டப்பாவுக்குத் தனி இழை திறங்கள் சகோதரி. இங்கே கேள்வி ஒன்றே ஒன்று. இல்லாத கரண்ட் எப்படி அடிக்கும்?

கடைசிப்பெட்டி:
ராஜா அண்ணன் பக்கம் நான். தென்கொரியாவின் டேகு நகர மெட்ரோ தீ, 2003 பிப்ரவரி 18. "உள்ளேயே இருங்கள்" என்ற அறிவிப்பை நம்பி உட்கார்ந்தவர்கள் கருகிப் போனார்கள். அந்தத் தீயில் மொத்தம் 192 பேர் செத்தார்கள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சிக்னல்விளக்கு:
முழுசாகச் சொல்லுங்கள் தம்பி. அந்த வண்டி நின்றது நிலையத்தில், நடைமேடையை ஒட்டி. பக்கத்தில் இன்னொரு வண்டி எரிந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதில் கதவுகள் மூடிக்கொண்டன. சுரங்க நடுவில் கரண்ட் போய் நிற்பதும் அதுவும் ஒன்றா? தீயோ புகையோ வந்தால் கணக்கே வேறு.

ரயில்ராஜா:
பார்த்தீர்களா, இப்போது "கணக்கே வேறு" ஆகிவிட்டது! 1995-இல் அஜர்பைஜானின் பாகு நகர மெட்ரோ சுரங்கத்துக்குள்ளேயே நின்று எரிந்தது. 280-க்கும் மேல் செத்தார்கள், பெரும்பாலும் புகையால். அது நடைமேடையா?

சிக்னல்விளக்கு:
உங்கள் பதிவில் புகை என்ற சொல்லே இல்லை. "கரண்ட் போனால்" என்றுதான் இருக்கிறது. இப்போது புகைக்குள் போய் ஒளியாதீர்கள்.

சொல்லேர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். "நேர்மின்சாரம்" தவறு, "நேர்மின்னோட்டம்" என்பதே சரி. தவறான சொல்லோடு ஆரம்பித்த விவாதம் எங்கே உருப்படும்?

சிக்னல்விளக்கு:
ஐயா, இங்கே உயிர்ப் பிரச்சினை போய்க்கொண்டிருக்கிறது.

சொல்லேர்:
மொழிக்கும் உயிர் உண்டு.

கடைசிப்பெட்டி:
சிக்னல் சாருக்கு எப்போதும் இதே வேலைதான். போன மாதம் நகரும் படிக்கட்டு இழையில், அவசரமாகப் போகிறவர்களுக்கு ஒரு பக்கம் வழி விடச் சொன்னேன். என்ன பாடு படுத்தினார்!

சிக்னல்விளக்கு:
ஏனென்றால் லண்டன் ஹோல்பர்ன் நிலையத்தில் 2015-இல் சோதித்தே பார்த்தார்கள். நெரிசல் நேரத்தில் இரண்டு பக்கமும் நின்றபோதுதான் அதிகம் பேர் மேலே போனார்கள். அன்றைக்கும் நீங்கள் பதில் தரவில்லை.

கடைசிப்பெட்டி:
தந்தேன். நீங்கள் படிக்கவில்லை.

நிலாமுற்றம்:
கதவைத் திறக்கும் முன் ஓட்டுநரோடு பேசும் பொத்தானை அழுத்துங்கள் என்று இதுவரை ஒருவர்கூட எழுதவில்லை. பல மெட்ரோக்களில் பெட்டிக்குப் பெட்டி இருக்கிறது.

ரயில்ராஜா:
அழுத்தினேன். "காத்திருங்கள்" என்றார்கள். ஒன்றேகால் மணி நேரம்! அந்தப் பெண் மயங்கியே விட்டார், தண்ணீர் தெளித்தது நான். உங்களில் யார் அன்றைக்கு அந்தப் பெட்டியில் இருந்தீர்கள்? என் பதிவை நீக்கப் போவதில்லை. மறுபடியும் கேட்கிறேன், இல்லாத கரண்ட் எப்படி அடிக்கும்? இத்தனை பேர் இருந்தும் ஒருவரிடமும் பதில் இல்லை.

மின்பணியாள்:
மூன்றாவது பதிவில் இருக்கிறது.

ரயில்ராஜா:
அது பதில் இல்லை.