புதுப்பிப்பு: எம்பெடட் வேலைக்கு எந்தக் கணினி? வாங்கியாச்சு

ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலை ஒன்றுக்கான பம்பு கன்ட்ரோலர் வேலைக்கு (கருவிக்குள் இருக்கும் சிப்புக்கு மென்பொருள் எழுதும் எம்பெடட் வேலை) லேப்டாப்பா டெஸ்க்டாப்பா, விண்டோஸா லினக்ஸா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

"வேலூர் வெயிலுக்கு லேப்டாப் வேணாம் தம்பி, பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் எடுத்து ரேம் ஏத்து" என்று காட்பாடி அண்ணன் ஒருத்தர் சொன்னதைத்தான் செய்தேன். செகண்ட் ஹேண்ட் பெட்டி, 32 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, உபுண்டு 22.04. மத்தியானத்தில் பில்டு (எழுதிய கோடு மென்பொருளாக மாறும் வேலை) ஓடும்போதும் வேகம் குறையவில்லை. எஸ்டிஎம்32 என்ற சிறு கன்ட்ரோலர் சிப்புக்குக் கோடு மட்டும் எழுதுபவருக்கு 8 ஜிபி ரேமே தாராளம். எனக்கு, கருவிக்கென்றே தனி லினக்ஸைத் தயாரிக்கும் யோக்டோவும் வேண்டும், அதன் இப்போதைய கையேடு காலி இடம் மட்டுமே 140 ஜிபி கேட்கிறது.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2-வையும் பார்த்தேன். கம்பைல் நன்றாகவே ஆகிறது, ஆனால் சிப்பில் புரோகிராம் ஏற்றும் எஸ்டி-லிங்க் கருவி அதற்கு நேராகத் தெரியாது, யூஎஸ்பிஐபிடி என்ற மென்பொருள் வழியாக இணைத்துக் கொடுக்க வேண்டும். தினமும் பலகையில் ஃபிளாஷ் செய்பவருக்கு (புரோகிராம் ஏற்றுபவருக்கு) நேரடி லினக்ஸ்தான் நல்லது.

எதிர்பாராதது ஒன்று: சிஎச்340 என்ற யூஎஸ்பி-சீரியல் சிப் உள்ள கேபிளைச் செருகினால் போர்ட் வந்த வேகத்தில் காணாமல் போனது. சீரியல் போர்ட்டுக்கு அனுமதி தரும் டயலவுட் குழுவில் பெயர் சேர்த்தும் பலனில்லை. டிமெஸ்ஜி கட்டளையில் கர்னல் பதிவுகளைப் பார்த்தால், பிரெயில் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் சேவை அந்தச் சிப்பைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்கிறது. அந்தப் பேக்கேஜை நீக்கி, கேபிளைக் கழற்றி மாட்டியதும் சரி. பிரெயில் கருவி பயன்படுத்துபவர்கள் பேக்கேஜை நீக்காமல், செருகும் சாதனங்களை அடையாளம் காணும் யூடெவ் விதிகளில் சிஎச்340 வரியை மட்டும் முடக்கினால் போதும்.