நம்மைப் போன்ற ஒருவரை முதன்முதலில் எங்கே கண்டீர்கள்?

மலைத்தும்பை எழுதியது:

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வாழும் நம் திருநர், தன்பாலீர்ப்புத் தோழமைகள் பகிரும் அனுபவங்களை நான் விடாமல் படித்து வருகிறேன். அவற்றில் வானவில் பேரணி வருகிறது, ஆதரவுக் குழு வருகிறது, மனநல ஆலோசகர் வருகிறார். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே பேருந்து வந்துபோகும் ஊர்களில் பிறந்தவர்கள் எழுதுவது மிகக் குறைவு. அவர்களிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று நான் நம்பவில்லை. ஆகவே கேட்கிறேன்: உங்களைப் போன்ற ஒருவரை முதன்முதலில் எங்கே கண்டீர்கள், அதன் பிறகு என்ன நடந்தது? கேட்டவளே முதலில் சொல்வதுதான் முறை.

நான் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு சிற்றூரில் பிறந்த திருநங்கை. சாமையும் மரவள்ளியும் பயிரிடுவோம். பருவம் வந்தால் கடுக்காயும் புளியும் சேர்த்து, அப்பா கீழ்நாட்டுக்குக் கொண்டுபோய் விற்று வருவார். என் நடையையும் குரலையும் ஊரில் எல்லோரும் கவனித்திருந்தார்கள், ஆனால் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதை எனக்குச் சொல்லக்கூடியவர் ஒருவரும் அங்கே இல்லை. பாட்டி இறந்தபோது பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்து எழுப்பி, பாடை கட்டிக்கொண்டிருந்த ஆண்கள் பக்கம் அனுப்பிவிட்டார். பிறந்த நாள் முதல் பாட்டியைப் பிரியாதிருந்த எனக்கு, அவருக்காக அழுவதற்குக்கூட ஓர் இடம் கிடைக்கவில்லை.

2010 பங்குனியில் அப்பாவோடு கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தபோது, பேருந்து நிலையத்தில் இரண்டு திருநங்கைகள் கடை கடையாகக் காசு கேட்டுக்கொண்டு வந்தார்கள். மூத்தவர் என்னைக் கடந்து போய், நின்று, திரும்பி வந்தார். அப்பா தேநீர்க் கடையில் இருந்தார். "எந்த ஊரு கண்ணு? சித்திரையில கூவாகம் வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு மாதம் முழுக்க அந்த ஊர்ப் பெயரை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே திரிந்தேன்.

சித்திரைப் பௌர்ணமிக்கு முதல் நாள், உறவினர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மலையிலிருந்து இறங்கினேன். கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை என்று மாறி மாறிப் பேருந்து ஏறினேன். கூவாகத்தில் இறங்கியபோது நான் கண்ட முதல் காட்சி நூற்றுக்கணக்கான திருநங்கைகளின் கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள் கள்ளக்குறிச்சியில் பார்த்த அந்த அம்மாவை மறுநாள் மாலைதான் கண்டுபிடித்தேன். "பாம்படுத்தி" என்று வணங்க வேண்டும் என்பதையும், பெரியவர்கள் "ஜீயோ" என்று வாழ்த்துவார்கள் என்பதையும் அங்கேதான் கற்றேன். அவர் தன் பையிலிருந்து ஒரு பச்சைப் புடவையை எடுத்துக் கட்டிவிட்டு, கொசுவத்தை எண்ணி மடித்துச் செருகினார்.

பாரதப் போரில் களப்பலியான அரவானைத்தான் அங்கே கூத்தாண்டவர் என்று வணங்குகிறார்கள். அவருக்குத் தாலி கட்டிக்கொள்ளும் வரிசையில் என் முன்னால் நின்றவர் திருநங்கை அல்லர். தோளில் துண்டும் இடுப்பில் பேரக்குழந்தையுமாக நின்ற முதிய விவசாயி அவர். சுற்றுவட்டார ஊர்களின் ஆண்கள் நேர்த்திக்கடனாகப் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்வது அங்கே பழைய வழக்கம் என்பதும், அந்த ஊர்களே அரவானின் உடல் உறுப்புகளுக்கான பொருட்களைக் கொண்டுவந்து சேர்க்கின்றன என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தன. தொலைக்காட்சி விழுப்புரத்தில் நடக்கும் அழகிப் போட்டியைக் காட்டுகிறது; அந்த விவசாயியைக் காட்டுவதில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்து, "பயப்படாத தாயி, தலையக் குனிஞ்சுக்கோ" என்றார். என்னைத் தாயி என்று அழைத்த முதல் மனிதர் அவரே.

மறுநாள் தேர் நகர்ந்து, அரவான் பலி முடிந்தது. அந்த அம்மா என் வளையல்களைத் தன் கையாலேயே உடைத்தார். கண்ணாடித் துண்டு ஒன்று மணிக்கட்டில் கீறியது. என் தாலிக்கயிற்றின் மஞ்சளை நகத்தால் சுரண்டிக் காயத்தில் வைத்து அழுத்திவிட்டு, அதன் பிறகே கயிற்றை அறுத்தார். பிறகு பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள், ஒருவர் தோள்மேல் ஒருவர் கை போட்டார்கள், ஒப்பாரி எழுந்தது. அதன் இராகம் எங்கள் மலையில் பாடப்படும் அதே இராகம். என் இரு தோள்களிலும் கைகள் இருந்தன. என்னை அங்கிருந்து எழுப்ப யாரும் வரவில்லை.

அந்த அம்மா என்னை மகளாக எடுத்துக்கொண்டார். 2008-இல் தமிழ்நாடு அரசு அரவாணிகள் நல வாரியத்தை அமைத்திருந்த செய்தியை அவர் வழியாகத்தான் அறிந்தேன். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல்தான் என்பதால், வாரிய அட்டைக்காக விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்துக்கே போக வேண்டியிருந்தது. மலையிலிருந்து போய்த் திரும்ப ஒரு முழு நாளும் இரண்டு நாள் கூலியும் போகும். "படம் சரியில்லை", "அதிகாரி விடுப்பு" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள், மூன்று முறையும் அம்மா என்னோடு வந்தார். ஓர் உரிமை சட்டத்தில் இருப்பதும் அது மலைமேல் இருப்பவளின் கைக்கு வந்து சேர்வதும் வேறு வேறு என்பதை நான் அந்தப் பேருந்துப் பயணங்களில் கற்றேன்.

உப்புக்காற்று எழுதியது:

தங்கை எழுதியதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த திருநம்பி; பெண் என்று வளர்க்கப்பட்ட ஆண். எங்கள் ஊரில் பாத்திக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். உப்பு நீரிலும் வெயிலிலும் தோல் வெடிக்காமல் இருப்பதற்காக. பதினாறு வயதில் நான் படிப்பை விட்டுவிட்டு உப்பளத்துக்குப் போகச் சம்மதித்ததற்குக் காரணம் அந்தச் சட்டைதான். மற்றப் பெண்கள் வேலை முடிந்ததும் கழற்றினார்கள். நான் இரவும் அதோடு தூங்கினேன். அம்மா திட்டிக்கொண்டே அதைத் துவைத்துத் தருவார்.

எனக்குக் கிடைத்த முதல் முகம் ஒரு திருநம்பியின் முகம் அன்று; எங்கள் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருந்த ஒரு திருநங்கை அக்காவின் முகம். "ஆம்பளையாப் பொறந்து நாங்க பொம்பளையான மாதிரி, நீ அந்தப் பக்கமிருந்து வர்ற" என்று அவர் ஒரே வரியில் சொன்னபோதுதான் எனக்கு என்னைப் புரிந்தது. 2021-இல் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க அவரே அழைத்துப்போனார். அங்கிருந்த ஊழியர், "இது திருநங்கைகளுக்கு மட்டும்தான்" என்று தாளைத் திருப்பித் தள்ளினார். 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் திருநங்கை, திருநம்பி இருவருக்கும் பொது, அறுவைச் சிகிச்சைச் சான்று கேட்காமலே மாவட்ட ஆட்சியர் அடையாளச் சான்றிதழ் தரலாம் என்று அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். ஊழியர் அப்போதும் அசையவில்லை. அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தூத்துக்குடியில் 2018-இல் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில், இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடலமைப்போடு பிறக்கும் இடைப்பாலினக் குழந்தைகளுக்குத் தேவையற்ற அறுவைச் சிகிச்சை செய்யக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் வந்தது. பெருநகரத்திலிருந்து வந்த வழக்கன்று அது. எங்கள் ஊர்க் காற்றில் எழுந்த வழக்கு என்பதில் எனக்கு மிகுந்த பெருமை உண்டு.

ஏலவாசம் எழுதியது:

நானும் என் இணையும் பெண்கள். தேனி மாவட்டத்து மலையடிவாரத்தில் இருக்கிறோம். இங்கே விடியுமுன் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும். அந்த ஜீப்பின் பின்னிருக்கையில்தான் நாங்கள் ஒருவரை ஒருவர் கண்டோம். இரண்டு பெண்கள் ஓர் அறையில் தங்கினால் இங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. வாடகை மிச்சம் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கண்டுகொள்ளாமை எங்களுக்கு நான்கு ஆண்டுகள் நிழல் தந்தது. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய வாரத்தில் நிழல் விலகியது. நாங்கள் ஊரை விட்டுப் போனோம், இரு வீட்டாரும் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள், காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது.

அது 2021-இன் இறுதி. அதே ஆண்டு ஜூன் மாதம் 7-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் தந்த உத்தரவைப் பற்றி, மதுரையிலிருந்து ஒரு தோழி தொலைபேசியில் எங்களுக்குச் சொல்லியிருந்தார். இப்படிப்பட்ட புகாரில் சம்பந்தப்பட்டவர்கள் வயது வந்தவர்கள் என்றும், தம் விருப்பத்தோடு சேர்ந்து இருக்கிறார்கள் என்றும் தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, துன்புறுத்தாமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. அந்த நீதிபதி, தமக்கு இதைப் பற்றிய புரிதல் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தாமே ஓர் உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகு தீர்ப்பெழுதினார். படித்த மனிதர்கள் பலரிடம் நான் காணாத நேர்மை அது.

அந்தத் தோழி உத்தரவை அச்செடுத்துக்கொண்டு முதல் பேருந்தில் வந்தார். காவல் நிலையத்தில் பெண் காவலர் ஒருவர் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. "இதுல உங்களை என்னன்னு போட்டிருக்கு?" என்று கேட்டார். அவருடைய கேள்வியில் ஏளனம் இல்லை. உண்மையாகவே அவருக்குச் சொல் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. தோழிதான் "தன்பாலீர்ப்பு" என்று சொன்னார். அந்தக் காவலர் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, வாக்குமூலத்தில் எழுதிக்கொண்டார். நம்மைக் குறிக்கும் சொற்களைத் தமிழில் தொகுத்து அரசிதழில் அரசு வெளியிட்டது 2022-இல். அது ஓர் ஆண்டு முன்னால் வந்திருந்தால் அன்று அந்த மேசையில் அவ்வளவு நேரம் மௌனம் இருந்திருக்காது. சொற்பட்டியல் வீண்வேலை என்று சொல்பவர்கள் சிற்றூர்க் காவல் நிலையத்தில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

திருநங்கையருக்குக் கூவாகம் இருக்கிறது. எங்களைப் போன்ற பெண்களுக்கு அப்படிக் கூடும் ஒரு மண் இல்லை. எங்கள் வருகை அங்கே இடைஞ்சலாக இருக்குமா என்று தங்கை மலைத்தும்பைதான் சொல்ல வேண்டும்.

பனங்கூடல் எழுதியது:

நான் இலங்கையின் வன்னியைச் சேர்ந்த திருநங்கை. 2009-இல் எனக்குப் பதினான்கு வயது. செட்டிகுளம் முகாமில் முட்கம்பிக்குள் இருந்தோம். தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, குளிப்பதற்கு ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். திறந்த வெளியில் ஆண்களோடு நின்று குளிக்க முடியாமல், நான் நாட்கணக்காகக் குளிக்காமல் இருந்தேன். பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஒருவர் அதைக் கவனித்தார். எல்லோரும் அவரை ஆண் என்றே அழைத்தார்கள். ஒரு நாள் அதிகாலை, வெளிச்சம் வருவதற்கு முன்பு, அவர் என்னை எழுப்பிக்கொண்டு போய், ஒரு போர்வையை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பி நின்றார். "கெதியா குளி பிள்ளை" என்றார். நான் குளித்து முடிந்ததும் போர்வையை என்னிடம் தந்துவிட்டு, தான் குளித்தார். நான் பிடித்தேன். நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பல வாரங்கள் அப்படி நடந்தது. பிறகு மீள்குடியேற்றத்தில் அவர்களை வேறொரு பிரதேசத்துக்கு அனுப்பினார்கள். நான் அவரை மனத்துக்குள் அக்கா என்றுதான் அழைக்கிறேன்.

2016-இல் பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கான சுற்றறிக்கை வந்தபின், மனநல வைத்தியரிடம் பலமுறை போய் அதைப் பெற்றேன். அதைக் காட்டித்தான் பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயரையும் பாலையும் மாற்றலாம். சோதனைச் சாவடிகளில் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும் ஒரு மண்ணில், அந்தக் காகிதத்தின் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை. தன்பாலீர்ப்பாளர்களின் நிலை இன்னும் கடினம். 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் தன்பாலுறவைக் குற்றமாக்குபவை; 365அ பிரிவு 1995-இல் பெண்களையும் சேர்த்துக்கொள்ளும்படி விரிக்கப்பட்டது. அவற்றை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று 2023 மே மாதம் நாட்டின் உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றம் சொன்னதை நாங்கள் வானொலியில் கேட்டு அழுதோம்.

2022-இல் யாழ்ப்பாணத்தில் வானவில் நடைபவனி நடந்தது. நான் வன்னியிலிருந்து பேருந்தில் போனேன். பதாகைகள் தமிழில் இருந்தன. பலர் முகத்தை மறைத்திருந்தார்கள், நானும் துப்பட்டாவால் மறைத்தேன். நடந்த தூரம் முழுக்க, என் வயதைவிடப் பத்து வயது கூடியவர்களின் முகங்களையே தேடிக்கொண்டு போனேன். அக்கா அங்கே இல்லை. இதை வாசிப்பவர்களில் யாராவது செட்டிகுளத்தில் ஒரு சின்னப் பிள்ளைக்குப் போர்வை பிடித்திருந்தால், அந்தப் பிள்ளை நலமாக இருக்கிறாள் என்று அறிந்துகொள்ளுங்கள்.

பெயரிட விரும்பாதவர் எழுதியது:

எனக்குப் பத்தொன்பது வயது. மலைத்தும்பை அவர்கள் இறங்கி வந்த அதே சாலையில்தான் என் ஊரும் இருக்கிறது. இதுவரை ஒருவரையும் பார்த்ததில்லை.

மலைத்தும்பை எழுதியது:

பனங்கூடல், உங்கள் பதிவை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது கண் பார்வை குறைவு. முடிந்த பிறகு, "அந்தப் பிள்ளைக்கு என் ஜீயோ சொல்லு" என்றார்.

ஏலவாசம், பெண்களும் கூவாகத்துக்கு வருகிறார்கள், இருவரும் வாருங்கள். இரவில் கூட்டத்தில் சில ஆண்கள் தொல்லை தருவார்கள் என்பதை மறைக்க மாட்டேன், ஆகவே எங்களோடு ஒரே அறையில் தங்கிக்கொள்ளுங்கள். கொரோனாவால் 2020-இலும் 2021-இலும் திருவிழா நின்றபோது நாங்கள் பட்ட ஏக்கம் பெரிது. அதன் பிறகு ஓர் ஆண்டையும் தவறவிடவில்லை.

பெயர் சொல்லாத பிள்ளைக்கு: சித்திரைப் பௌர்ணமிக்கு முதல் நாள் காலை பத்து மணிக்கு உளுந்தூர்பேட்டை பேருந்து நிலையத்தில் நானும் அம்மாவும் இருப்போம். வீட்டில் சொல்லிவிட்டு வர முடிந்தால் சொல்லிவிட்டு வா. முடியாவிட்டால் அதற்காக உன்னை நொந்துகொள்ளாதே. நீ புடவை கட்டுவாயா, வேட்டி கட்டுவாயா என்று எனக்குத் தெரியாது. அம்மா இரண்டையும் பையில் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.