மினி 2 ட்ரோனைப் பறக்கவிட எந்தச் செயலியை நம்பலாம்?

முல்லைக்கரை:
டிஜேஐ மினி 2 ட்ரோன் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். இருப்பது முல்லைத்தீவுப் புதுக்குடியிருப்பில். எங்கள் வயலையும் கல்யாண வீடுகளையும் படமெடுக்க எண்ணம். ட்ரோனைச் செய்த டிஜேஐயே தரும் ஃப்ளை செயலி போதுமா, வேறொருவர் செய்த லிட்சி என்ற செயலியைப் பணம் கொடுத்து வாங்க வேண்டுமா? பறக்கும்போது செயலி நின்றுவிட்டால் ட்ரோன் விழுந்துவிடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

மாங்குளத்தான்:
தம்பி, ஃப்ளையை விட்டு வேறெதையும் தொடாதீர்கள். பெற்றவளுக்குத்தான் பிள்ளையின் குணம் தெரியும். அண்ட்ராய்ட் தொலைபேசி என்றால் கூகிள் பிளேயில் தேட வேண்டாம், அங்கே கிடைக்காது. டிஜேஐயின் இணையத்தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பும் கோப்பை ஏற்றவே கூடாது.

குளக்கட்டு:
கல்யாண வீட்டுக்குச் சரி அண்ணா, வயலுக்கு? முத்தையன்கட்டுப் பக்கம் எங்கள் காலபோக (மாரிமழைப் போக) நெல்லைக் கிழமைக்கு ஒருமுறை மேலிருந்து பார்க்கிறேன். ஒரே பாதை, ஒரே உயரம் என்று எடுத்தால்தான் எந்தத் துண்டு மஞ்சளிக்கிறது, எங்கே தண்ணீர் ஏறவில்லை என்பதைப் போன கிழமைப் படத்தோடு ஒப்பிட முடியும். மினி 2க்கு ஃப்ளையில் அந்த வசதியே இல்லை. லிட்சியில் பாதையைக் கணினியில் ஒருமுறை குறித்தால் போதும்.

மாங்குளத்தான்:
குறித்த பாதை எங்கே தங்கியிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். டிஜேஐயின் பெரிய ட்ரோனான மவிக் 2 என்றால் அது முழுவதும் ட்ரோனுக்குள் ஏறிவிடும். மினி 2இல் தொலைபேசியிலேயே இருக்கும். லிட்சி கணத்துக்குக் கணம் கட்டளை அனுப்பித்தான் ஓட்டுகிறது. உச்சி வெயிலில் தொலைபேசி கொதித்துச் செயலி மூடினால் ட்ரோன் பாதி வழியில் நிற்கும். இதையா நம்பச் சொல்கிறீர்கள்?

குளக்கட்டு:
நிற்கும், விழாது! முல்லைக்கரை கேட்டதும் அதைத்தான். ட்ரோனோடு பேசுவது ரிமோட். தொலைபேசி அந்த ரிமோட்டில் வயரால் கொளுவிய திரை, அவ்வளவுதான். ஃப்ளை மூடினாலும் லிட்சி மூடினாலும் ரிமோட்டின் ஸ்டிக்குகளும் திரும்பி வரச் செய்யும் பொத்தானும் வேலை செய்யும். ரிமோட்டின் தொடர்பே அறுந்தால் ட்ரோன் வழமையாகத் தானே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும்.

பாலையடி:
அந்தத் திரும்புதலில்தான் நான் என் ட்ரோனை இழந்தேன். வீட்டு முற்றத்தில் பழகிய நாளில் திரும்பும் உயரத்தை 20 மீற்றர் என்று வைத்திருந்தேன். பிறகு ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பனங்கூடலுக்கு அப்பால் போனபோது தொடர்பு அறுந்தது. வைத்த உயரத்தில் நேர்கோட்டில் திரும்பி வந்து பனையில் மோதியது. பனை 30 மீற்றர்வரை வளரும். மினி 2க்கு முன்னால் தடையை அறியும் உணரி கிடையாது, கீழ்நோக்கி மட்டுமே உண்டு. செயலியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஓர் எண்ணை நான் மாற்றவில்லை. இத்தனை வரி எழுதிய இரண்டு பேரும் அதைச் சொல்லாதது எனக்கு மனவருத்தம்.

இன்னொன்று. செயலியின் வரைபடம் ஓரிடத்தில் பறப்பதைத் தடுக்கவில்லை என்பதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரணைமடுவில் விமான ஓடுபாதை இருக்கிறது, வழியெங்கும் முகாம்கள் இருக்கின்றன. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுவதும் ட்ரோன் பறக்கவிடுவதையே நிறுத்தி வைத்தார்கள். சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில் பதிந்துவிட்டே வெளிக்கிடுங்கள்.

மாங்குளத்தான்:
பாலையடி சொன்னதை ஏற்கிறேன், முதலில் நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அதற்காக லிட்சியை ஏற்கமாட்டேன். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் 249 கிராம் ட்ரோன் காற்றை எதிர்த்துத் திரும்பத் திணறும். பழகாதவர் பாதையைச் செயலியிடம் விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பற்றரி இறங்குவதைக் கவனிக்கமாட்டார்.

குளக்கட்டு:
பழகும்வரை ஃப்ளை என்றால் எனக்கும் சம்மதம். ஆனால் வயல் பார்க்கிறவருக்கு லிட்சியைத் தொடாதே என்று சொல்வது அநியாயம். முல்லைக்கரை, வெறும் வயலில் 10 மீற்றர் ஏற்றி நிறுத்திவிட்டு, தொலைபேசி வயரைக் கழற்றிப் பாருங்கள். பயம் அங்கேயே தெளிந்துவிடும்.

முல்லைக்கரை:
மூவருக்கும் நன்றி. ஃப்ளையை இறக்கிவிட்டேன். எங்கள் வளவைச் சுற்றிப் பனைதான், அதனால் திரும்பும் உயரத்தை 60 மீற்றராக வைத்திருக்கிறேன். பதிவு கிடைத்ததும் அறுவடை முடிந்த வயலில் வயரைக் கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். லிட்சியை அடுத்த காலபோகத்தில் யோசிக்கிறேன்.