குலேப்ராவுக்கு ஒரு நாள்: நீச்சல் தெரியாத நம்மவர்களுக்கு

போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அமெரிக்கா வந்து ஒரு வருடம்தான் ஆகிறது அக்கா. எச்-1பி வேலை விசா. பாஸ்போர்ட்டில் விசா முத்திரை அடுத்த மாதம் முடிகிறது. கரீபியனில் ஏதாவது சின்னத் தீவுக்குப் போய் ஸ்நார்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் போட்டு, முகத்தை நீரில் வைத்து மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) செய்ய வேண்டும் என்று மனைவிக்கு ரொம்ப ஆசை. போனால் திரும்பி வர விடுவார்களா? எங்கள் இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது."

நாங்கள் ஆர்லாண்டோவுக்கு வந்த புதிதில் இதே இரண்டு பயமும் எங்களுக்கும் இருந்தது. அதனால் நாங்கள் போய்வந்த, போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த குலேப்ரா என்ற சின்னத் தீவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காகித விஷயம். கரீபியன் என்றதும் பஹாமாஸ், ஜமைக்கா, அரூபா என்றுதான் விளம்பரங்கள் வரும். அவை எல்லாம் வெளிநாடு. அங்கே போனால் அமெரிக்காவுக்குள் மறுபடி நுழைய, பொதுவாகச் செல்லுபடியாகும் விசா முத்திரை தேவை. போர்ட்டோ ரிக்கோ அப்படி இல்லை, அது அமெரிக்காவின் பகுதி. ஆர்லாண்டோவிலிருந்தோ நியூவார்க்கிலிருந்தோ சான் ஹுவானுக்குப் போவது டல்லாஸ் போவதைப் போல உள்நாட்டு விமானப் பயணம்தான். இமிகிரேஷன் வரிசை கிடையாது, முத்திரையின் தேதியைப் பொதுவாக யாரும் பார்ப்பதில்லை. ஐ-94, அதாவது நீங்கள் அமெரிக்காவில் எதுவரை தங்கலாம் என்ற பதிவு, அதன் தேதி உயிரோடு இருந்தால் போதும். ஆனாலும் பாஸ்போர்ட், ஐ-797 (எச்-1பி ஒப்புதல் அறிவிப்பு), ஐ-94 அச்சு மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் என்றால் கல்லூரி தந்த ஐ-20 படிவம். ஸ்டேட்டஸ் மாற்ற விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. குலேப்ராவிலிருந்து பார்த்தால் கிழக்கே செயின்ட் தாமஸ் தீவு தெரியும். அதுவும் அமெரிக்காதான், ஆனால் அங்கிருந்து பெருநிலத்துக்கு விமானம் ஏறும் முன் சுங்க, குடியேற்ற அதிகாரிகள் காகிதங்களைப் பார்ப்பார்கள். அதற்கும் அப்பால் இருக்கும் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் முழுக்க வெளிநாடு. சான் ஹுவானில் கப்பல் ஏறி நாலு தீவு சுற்றும் பயணமும் வேண்டாம். முத்திரை விஷயத்தில் கவலை உள்ளவர்கள் போர்ட்டோ ரிக்கோவைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

குலேப்ரா, போர்ட்டோ ரிக்கோவின் கிழக்குக் கரையிலிருந்து சுமார் 27 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சின்னத் தீவு. படகு செய்பா என்ற ஊரிலிருந்து புறப்படுகிறது. 2018 வரை ஃபஹார்தோவிலிருந்து போய்க்கொண்டிருந்தது. பழைய பதிவுகளைப் படித்துவிட்டு ஃபஹார்தோ துறைக்குப் போய் நிற்காதீர்கள். சான் ஹுவானிலிருந்து செய்பாவுக்குக் காரில் ஒன்றேகால் மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். படகில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். நாங்கள் போனபோது ஆளுக்கு ஒரு வழிக்கு 2.25 டாலர்தான். விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அது சுற்றுலாப் படகு இல்லை, அந்தத் தீவு மக்களின் டவுன் பஸ். மளிகை, மருந்து, பெரிய ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அவர்கள் அதில்தான் போய்வர வேண்டும். அதனால் உள்ளூர்க்காரர்களுக்குத்தான் முதல் இடம். வரிசையில் அவர்கள் முன்னால் போவதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், போகவும் வரவும் சேர்த்து. சனி, ஞாயிறு, விடுமுறை நாள் வேண்டவே வேண்டாம். வாடகைக் காரைச் செய்பா துறையிலேயே கட்டண நிறுத்தத்தில் விட்டுவிடுங்கள்.

கடல் கொந்தளித்தால் படகு ரத்தாகும். அதனால் அன்று இரவே ஊர் திரும்ப விமானம் போட்டுவிடாதீர்கள், ஒரு நாள் இடைவெளி விடுங்கள். படகை நம்பப் பிடிக்காதவர்களுக்குச் செய்பாவிலிருந்து குட்டி விமானம் இருக்கிறது, கால் மணி நேரம்தான். செலவு அதிகம். ஃபஹார்தோ பக்கமிருந்து சாப்பாடு, மாஸ்க், வழிகாட்டி எல்லாம் சேர்த்துக் கூட்டிப்போகும் கட்டமரன் பயணங்களும் உண்டு. கட்டமரன் இரட்டை உடல் கொண்ட படகு, பெயர் மட்டும் நம்ம கட்டுமரம், தமிழிலிருந்து போன சொல். முதல் தடவை போகிறவர்கள், அதுவும் நீச்சல் தெரியாதவர்கள், பணம் ஒத்துவந்தால் இதிலேயே போகலாம். தண்ணீரில் பக்கத்தில் ஒரு பயிற்சி பெற்ற ஆள் இருப்பார்.

தனியாகப் போகிறீர்கள் என்றால் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளுக்கு ஒரு கடற்கரை. முதல் தடவை நாங்கள் இரண்டு கடற்கரைக்கு ஆசைப்பட்டோம். காலையில் ஃபிளமென்கோ, மதியம் தமரிந்தோ. ஃபிளமென்கோ அழகில் மயங்கி அங்கேயே ஒரு மணி ஆகிவிட்டது. டாக்சிக்குக் காத்திருந்து தமரிந்தோ போய்ச் சேர்ந்தபோது கையில் இருந்தது இருபதே நிமிடம். மகள் மாஸ்க்கைப் போட்டுக் கழற்றியதோடு சரி. அழுதுகொண்டே படகேறினாள். அடுத்த வருடம் அவளுக்காகவே மறுபடி போனோம், தமரிந்தோவுக்கு மட்டும்.

ஏன் தமரிந்தோ? ஃபிளமென்கோ வெள்ளை மணலும் வளைவுமாகப் பார்க்க அப்படி இருக்கும், ஆனால் வடக்குப் பார்த்த கரை. குளிர்காலத்தில் அட்லாண்டிக் அலை நேராக வந்து அடிக்கும், இழுவை நீரோட்டமும் இருக்கும். தமரிந்தோ மேற்குப் பார்த்தது, பெரும்பாலும் அமைதியான தண்ணீர். லூயிஸ் பெஞ்ஞா கால்வாய் என்ற பாதுகாக்கப்பட்ட கடல் பகுதியின் ஓரம் அது. 1999 முதல் அங்கே மீன் பிடிக்கத் தடை. கரையிலிருந்து கொஞ்சம் போனதுமே கடல் புல் தரை, அதில் ஆமைகள். தமரிந்தோ என்றால் ஸ்பானிஷில் புளி. 'இந்தியப் பேரீச்சை' என்ற பொருள் கொண்ட அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். போர்ட்டோ ரிக்கோ கடைகளில் புளி ஜூஸே கிடைக்கும், குடித்துப் பாருங்கள்.

தமரிந்தோ கரையில் கழிவறை இல்லை, கடை இல்லை, நிழலும் குறைவு. படகு வந்து நிற்கும் டூயி ஊரிலேயே கழிவறை, தண்ணீர், மாஸ்க் வாடகை எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள். டூயியில் கோல்ஃப் கார்ட் வாடகைக்குக் கிடைக்கும். இல்லையென்றால் வேன் டாக்சி. திரும்ப எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று இறங்கும்போதே ஓட்டுநரிடம் பேசிவிடுங்கள். போன் சிக்னலை நம்ப வேண்டாம். படகு நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னதாகக் கிளம்புவது போலச் சொல்லி வையுங்கள்.

இப்போது நீச்சல். தெரியாமல் போகலாமா? மிதவை வெஸ்ட் போட்டுக்கொண்டு, கால் எட்டும் ஆழத்தில், பக்கத்தில் நீச்சல் தெரிந்தவர் ஒருவரோடு என்றால் போகலாம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். நாலைந்து வாரம் இருக்கிறது என்றால் உங்கள் ஊர் ஒய்எம்சிஏ குளத்தில் பெரியவர்களுக்கான வகுப்பில் சேருங்கள். நம்மில் பலரும் முப்பது வயதுக்கு மேல்தான் தண்ணீரில் இறங்குகிறோம். அங்கே யாரும் அதை வித்தியாசமாகப் பார்ப்பதில்லை.

உண்மையில் சிக்கல் நீச்சலில் இல்லை, மூச்சில். மாஸ்க் மூக்கை மூடியதும் உடம்பு பதறும். வாயால் வேகவேகமாக இழுப்போம், தலை சுற்றும், எழுந்து நிற்கப் பார்ப்போம், காலடியில் பாறை இருக்கும். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே வீட்டில் மாஸ்க்கும் குழாயும் போட்டு சோபாவில் பத்து நிமிடம் உட்காருங்கள். அப்புறம் குளியல் தொட்டியில் முகத்தை அமிழ்த்திப் பழகுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். மனதுக்குள் இழுக்க மூன்று, விட ஐந்து என்று எண்ணுங்கள். நாலாம் நாள் உடம்பே ஒப்புக்கொள்ளும். முகம் முழுக்க மூடும் மாஸ்க் விற்கிறார்கள், நான் வேண்டாம் என்பேன். உள்ளே தண்ணீர் புகுந்தால் சட்டென்று கழற்றுவது சிரமம், விட்ட மூச்சே உள்ளே தங்கவும் வாய்ப்பு உண்டு.

மாஸ்க் பற்றி யாரும் சொல்லாத இரண்டு விஷயம். ஒன்று, மீசை. என் கணவர் மாஸ்க்கில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் ஏறியது. மாஸ்க் விளிம்பு தோலில் ஒட்ட வேண்டும், முடியில் ஒட்டாது. மூக்குக்கு நேர் கீழே மெல்லிய கோடு போல மழித்துவிட்டு மாஸ்க் விளிம்பு அங்கே உட்காருகிறதா என்று பார்த்தோம், ஏறக்குறைய நின்றுவிட்டது. மழிக்க மனமில்லை என்றால் டைவிங் கடையில் சிலிக்கான் கிரீஸ் கிடைக்கும், மீசையில் தடவலாம். வாஸ்லைன் மாஸ்க்கைக் கெடுக்கும். இரண்டு, எண்ணெய். அன்று காலை தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், மாஸ்க் பட்டை வழுக்கும், எண்ணெயும் கடலுக்குள்தான் போகும். கண்ணாடி போடுகிறவர்கள் பவர் உள்ள மாஸ்க் வாங்கிக்கொள்ளலாம், ஆன்லைனில் ரெடிமேடாகவே கிடைக்கிறது. அது இல்லாமல் போனால் ஆமையும் பாறையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இரண்டாவது பயணத்தில் மகள்தான் முதலில் பார்த்தாள். என் கையை அழுத்தினாள். கீழே பச்சைப் புல், அதில் ஒரு பழுப்புக் கல். கல் தலையைத் திருப்பியது. நம்ம பாக் விரிகுடாவிலும் வாழும் பேராமைதான் அது. புல்லை வாயால் பற்றி, முன்கால்களை ஊன்றி, தலையைப் பக்கவாட்டில் வெட்டி இழுக்கிறது. இழுக்கிற ஒவ்வொரு தடவையும் மண் புகை போலக் கிளம்புகிறது. அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு ஒரு மீன். காதில் எங்கள் மூச்சுச் சத்தம் மட்டும். சில நிமிடம் மேய்ந்துவிட்டு அவசரமே இல்லாமல் மேலே வந்து, தலையை வெளியே நீட்டி ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி அதே புல்லுக்குப் போனது.

இதற்காகத்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: துரத்தாதீர்கள், தொடாதீர்கள், மேலே வருகிற வழியை மறிக்காதீர்கள். நாலைந்து மீட்டர் தள்ளி அசையாமல் மிதந்தால் அதுவே உங்களைக் கடந்து போகும். தொடுவது சட்டப்படி குற்றமும்கூட. பவளத்தின் மீது நிற்கவும் வேண்டாம், அது கல் இல்லை, உயிர். 2014-ல் மயாமி அருகே தொடங்கிய பவளத் திசு நோய் கரீபியன் முழுக்கப் பரவியிருக்கிறது. வேறு கடலில் பயன்படுத்திய மாஸ்க், துடுப்புக் காலணி இருந்தால் நன்றாகக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. அமெரிக்கக் கடற்படை 1975 வரை இந்தத் தீவைக் குண்டு வீசிப் பழகும் இடமாக வைத்திருந்தது. தீவு மக்கள் போராடித்தான் நிறுத்தினார்கள். ஃபிளமென்கோ கரையில் துருப்பிடித்த டாங்கி இன்றும் நிற்கிறது. வெடிக்காத குண்டுகள் நிலத்திலும் நீரிலும் இன்னும் கிடைக்கின்றன. உலோகமாக எதைப் பார்த்தாலும் எடுக்காதீர்கள், விலகி வந்து 911-க்குச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் இதைப் படகிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டிருந்த மற்றவர்களுக்கு:

உடை பற்றிக் கேட்ட தங்கைக்கு: சுடிதாரும் காட்டன் டி-சர்ட்டும் வேண்டாம், நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும். முழுக்கை ரேஷ் கார்டும் (நீச்சலுக்கான ஒட்டிய மேலாடை) நீள லெக்கிங்சும் போடுங்கள். கூச்சமும் இல்லை, முதுகும் வெந்துபோகாது. உடம்பு மூடியிருந்தால் சன்ஸ்கிரீன் முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் போதும், அதுவும் ஜிங்க் ஆக்சைடு உள்ளது. தாலியைக் கழற்ற மனம் வராது, எனக்கும் வராது. தங்கச் சங்கிலியை ஓட்டல் பெட்டகத்தில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் கோத்து ரேஷ் கார்டுக்குள் போட்டுக்கொண்டேன். மின்னும் நகை பாரகூடா மீனை இழுக்கும் என்று டைவிங் ஆட்கள் எச்சரிப்பார்கள். மெட்டி துடுப்புக் காலணிக்குள் விரலை அறுக்கும், மெல்லிய நீர்க் காலுறை போடுங்கள்.

சைவச் சாப்பாடு: மோஃபோங்கோ என்ற வாழைக்காய் மசியலில் பன்றி வறுவல் இருக்கும், பீன்ஸ் குழம்பிலும் ஹாம் போடுவது சகஜம். கேட்டு வாங்குங்கள். வாழைக்காய் வறுவல் டோஸ்டோனஸ் நம்பலாம், பொரிக்கும் எண்ணெயை மட்டும் விசாரியுங்கள். நாங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போனோம். தயிர்சாதம் அந்த வெயிலுக்குப் புளித்துவிடும்.

எந்த மாதம் என்று கேட்ட அண்ணாவுக்கு: ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். ஏப்ரல், மே என் தேர்வு.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போகலாமா என்றால், தாராளமாக. இரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தண்ணீரில் ஸ்நார்கெலிங் வேண்டாம், மூச்சு சட்டென்று திணறலாம். அவர்களுடைய பயணக் காப்பீடு தண்ணீர் விளையாட்டை ஏற்கிறதா என்று படித்துப் பாருங்கள். என் மாமியார் முழங்கால் ஆழத்தில் உட்கார்ந்து மாஸ்க்கைப் பிடித்தபடி குனிந்து பார்த்தார்கள். விரல் நீளக் குஞ்சு மீன்கள் கால் பக்கம் வந்துவிட்டுப் போனதை இன்றைக்கும் போனில் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

திரும்பும்போது சான் ஹுவான் விமான நிலையத்தில் விவசாயத் துறையினர் பைகளை ஸ்கேன் செய்வார்கள். மாம்பழம் பெருநிலத்துக்குள் கொண்டுவரக் கூடாது. வாங்கியிருந்தால் காரிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.