கிரான் வரிக்குத் தவறான விளக்கம் வருகிறது, மாற்று லைப்ரரி உண்டா?

டெபியன் 12 சர்வரில் உள்ள கிரான்டேப் வரிகளை (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் நிரலின் அட்டவணை வரிகளை) எளிய மொழியில் மாற்றிக் குழுவுக்கு அனுப்ப ஒரு நோட்.ஜேஎஸ் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறோம். விளக்கத்தை அதிலுள்ள ஒரு லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) தருகிறது. போன மாதம் சேர்த்த இந்த வரியில்தான் சிக்கல் (வரிசை: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை):

0 9 1-7 * 1

"மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை 9 மணி" என்கிறது லைப்ரரி. ஆனால் வேலை 1 முதல் 7ஆம் தேதி வரை தினமும் ஓடுகிறது, அப்புறம் எல்லாத் திங்கட்கிழமையும் ஓடுகிறது. கிரான் செய்வது சரிதான். தேதி, கிழமை இரண்டையும் குறிப்பிட்டால் ஏதாவது ஒன்று பொருந்தினாலே அது ஓடும். விளக்கத்தை நம்பித்தான் குழு முடிவெடுக்கிறது, அதுதான் கவலை.

லைப்ரரியைப் புதுப்பித்தேன், மொழி அமைப்பை மாற்றினேன், பலனில்லை. குவார்ட்ஸ் என்ற இன்னொரு அட்டவணை நிரலின் வடிவமும் உதவாது. அதில் தேதி, கிழமை இரண்டில் ஒன்றுக்குக் கேள்விக்குறி போட்டே ஆக வேண்டும்.

இந்த விதியைச் சரியாக விளக்கும், இணையமின்றி சர்வரிலேயே ஓடும் லைப்ரரி எது?