லிஃப்ட் உதவித்தொகை: கட்டுரையைப் பார்த்துத் தர யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். நாங்கள் அரூர் பக்கம். தங்கை பி.சி.ஏ. முடித்திருக்கிறாள், வீட்டில் முதல் பட்டதாரி. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் வளர்ச்சிக்கு உதவும் அமைப்பான லினக்ஸ் ஃபவுண்டேஷன் 2011 முதல் தரும் லிஃப்ட் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். கையில் பணம் வராது. பயிற்சியும் சான்றிதழ்த் தேர்வும் இலவசம். அதுவே எங்களுக்குப் பெரிசு.

சிக்கல் கட்டுரையில்தான். தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் கூச்சப்பட்டு இரண்டே வரியில் முடித்துவிடுகிறாள். பழைய லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸ் போட்டு, அம்மாவின் புளி வியாபாரக் கணக்குக்கு ஸ்கிரிப்ட் எழுதினாளே, அதைக்கூடச் சொல்லவில்லை! இந்த உதவித்தொகையோ அவுட்ரீச்சி என்ற, உதவித்தொகையோடு வேலை பழகும் ஓப்பன் சோர்ஸ் இன்டர்ன்ஷிப்போ கிடைத்த அக்காக்கள், அண்ணன்கள் ஒருமுறை படித்துப் பார்ப்பீர்களா?

அப்புறம், தேர்வு 2 மணி நேரம், கேமரா முன்னால், தனி அறையில். இங்கே நெட் அடிக்கடி போகும். தருமபுரி டவுனில் அப்படி ஓர் இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.